சிக்காத நட்டு

டயர் பஞ்சர் ஆவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. வண்டியைச் செய்த கம்பெனியின் சொந்த சர்வீஸ் நிலையம். பளபளவென்று கண்ணாடிக் கதவு, கதவுக்கு மேலே 'உங்கள் நிம்மதியே எங்கள் தொழில்' என்று ஆளுயர எழுத்து. அந்த எழுத்தின் நிழலில்தான் காற்று போனது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, நமக்கு நல்ல நேரம் என்று மகளிடம் சொன்னார். பாவம், எதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொள்கிற மனிதர். அன்று அவர் சொன்னவற்றில் அதைப் போலத் தப்பான வார்த்தை வேறு இல்லை.

மகள் வண்டியின் பின்பகுதியில் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின் இருக்கையை எடுத்துவிட்டு, நாற்காலியைத் தரையோடு பிடித்து நிறுத்தக் கொக்கிகளும், ஏறி இறங்கச் சாய்வுப் பலகையும் வைத்த வண்டி அது. இரண்டு மணிக்கு அவளுக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. இரண்டு அடித்தால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள், சாத்தினால் சாத்தினதுதான். போன வருடம் தேர்வு அறையை மூன்றாவது மாடியில் ஒதுக்கினார்கள். லிஃப்ட் பழுது என்று கையை விரித்தார்கள். படிக்கட்டின் அடியில் அவள் அழுத அழுகையை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அத்தோடு எல்லாம் முடிந்தது. அதனால்தான் பன்னிரண்டு மணிக்கே கிளம்பினார்கள். மேம்பாலத்தைத் தாண்டினால் தேர்வு மையம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கூடப் போய்விடலாம். ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது, இரண்டு மணி நேரம் கையில் இருந்தது, ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. இவ்வளவு இருக்கும்போது யார் தள்ளிக்கொண்டு போவார்கள்?

நான்கு நட்டுகள் சமர்த்தாகக் கழன்று வந்தன. ஐந்தாவது, லாக் நட்டு. சக்கரத்தைத் திருடன் கழற்றிக்கொண்டு போகக் கூடாது என்று கம்பெனி போட்டுக் கொடுப்பது. அதன் தலை கோணல்மாணலாக இருக்கும். அதற்கென்று செய்த சாவியை மாட்டினால்தான் திரும்பும். சாவி அவரிடம் இருந்தது. மாட்டினார், வீல் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார், ஏறி நின்று மிதித்தார். சாவி வழுக்கிச் சுற்றியது, நட்டு அசைந்துகொடுக்கவில்லை. சரி, நிபுணர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்களே என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே ஏசி குளிர், பூ வாசனை. கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் எழுந்து நின்று, தான்தான் இவருடைய சேவை ஆலோசகர் என்றும், இனி இவருடைய துன்பம் தன்னுடைய துன்பம் என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் தன் துன்பத்தைச் சொன்னார். லாக் நட்டு சிக்கிக்கொண்டது என்றார்.

ஆலோசகரின் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்து நின்றது.

"எங்க கம்பெனில நட்டு சிக்காது சார்."

"சிக்கியிருக்கே. வந்து பாருங்களேன்."

"பார்க்கலாம் சார். ஆனா சிக்காது."

விஷயம் இதுதான். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நட்டு கூடச் சிக்கியதில்லை என்று தலைமையகம் அறிவித்து, அதற்காகத் தனக்குத் தானே ஒரு விருதும் கொடுத்துக்கொண்டிருந்தது. விருது வரவேற்பறையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆகவே கணினியின் கோளாறுப் பட்டியலில் அப்படியொன்றே கிடையாது. ஆலோசகர் மேலும் கீழும் தேடிக் காட்டினார். இருக்கை அழுக்கு இருந்தது, கண்ணாடியில் பறவை எச்சம் இருந்தது, வாடிக்கையாளரின் மனச்சோர்வு கூட இருந்தது. சிக்கிய நட்டு இல்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி, 'சக்கர நல விசாரிப்பு' என்ற பெயரில் வேலையைத் தொடங்குவதாகச் சொன்னார். ஐந்து நட்டையும் கழற்றி மாட்டினால் விசாரிப்பு முடியும்.

மகள் வண்டிக்குள் இருக்கிறாள், அவளை முதலில் இறக்கிக்கொள்கிறேன் என்றார் கண்ணாடிக்காரர். ஆலோசகர் பதறிப்போய்த் தடுத்தார். பட்டறைத் தரையில் வாடிக்கையாளரின் காலோ சக்கரமோ படக் கூடாதாம், பாதுகாப்பு விதி. தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. அந்தப் பக்கம் ஊழியர்கள், இந்தப் பக்கம் உறவினர்கள், அதாவது வாடிக்கையாளர்கள். இவர் மறுவார்த்தை சொல்வதற்குள், வெளியே நான்கு பேர் பஞ்சரான சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை கொடுத்து வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டார் ஒன்று உறுமியது. கண்ணாடிக்காரர் ஓடிப் போய் மஞ்சள் கோட்டில் நின்று பார்த்தார். வண்டி மகளோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார்.

"உள்ள ஆள் இருக்கு! இறக்குங்க!"

ஆலோசகர் நிதானமாக வந்து பக்கத்தில் நின்றார். ஆள் இருப்பது தெரியும் என்றார். ஆனால் நாற்காலி வண்டித் தரையோடு பூட்டப்பட்டிருக்கிறது, மகள் நாற்காலியில் இருக்கிறார், ஆகவே கம்பெனி விதிப்படி அவர் பயணி அல்ல, வண்டியோடு பொருத்தப்பட்ட உபகரணம் என்று பதிந்திருப்பதாக விளக்கினார். உபகரணத்தோடு வண்டியைத் தூக்கத் தடை இல்லை.

மேலே ஜன்னல் கண்ணாடி இறங்கியது. மகளின் முகம் தெரிந்தது. "அண்ணா, உபகரணத்துக்கு ரெண்டு மணிக்குப் பரீட்சை இருக்கு," என்றாள்.

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் வண்டியை இறக்குவது அவர் கையில் இல்லையாம். வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கணினியோடு இணைந்தது. வேலை தொடங்கினால் ஏறும், வேலை முடிந்தால் இறங்கும். நடுவில் யார் அழுத்தினாலும் இறங்காது. முன்பெல்லாம் பொத்தான் இருந்தது; ஊழியர்கள் இஷ்டத்துக்கு அழுத்துகிறார்கள் என்று எடுத்துவிட்டார்கள்.

ஆக, நட்டு கழன்றால்தான் மகள் இறங்குவாள். அது புரிந்ததும் கண்ணாடிக்காரர் அண்ணாந்து பார்த்தார். மகள் இறங்கி வர அவருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வழி பின்பக்கச் சாய்வுப் பலகை. அது இப்போது அவர் தலைக்கு மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தது.

மெக்கானிக் வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, சாவியை மாட்டி, ஸ்பேனரின் வாலில் நீளக் குழாயைச் செருகி இழுத்தார். சாவி படீரென்று வழுக்கியது. வண்டி குலுங்கியது, மகள் குலுங்கினாள், அவள் மடியிலிருந்த புத்தகம் ஜன்னல் வழியாக வந்து தரையில் விழுந்தது. புத்தகம் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்ததால் இவரால் எடுக்க முடியவில்லை. மெக்கானிக் நட்டைத் தடவிப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"நட்டு முடுக்குற நம்ம ஏர் கன் பிடிச்ச பிடி சார் இது. போன சர்வீஸ்ல நானே போட்டேன். கைல முறுக்கினா இவ்வளவு வராது. அளவெல்லாம் பார்க்கிறதில்ல, ஏர் கன் தானா அலுத்துப்போய் நிக்கிற வரைக்கும் விடுவேன்."

"அப்ப நீங்கதான் இறுக்கினீங்களா?"

"வேற யாருக்கு வரும் இது?" என்றார் மெக்கானிக், பெருமையாக.

பல் தேய்ந்த நட்டைக் கவ்விக் கழற்றுவதற்கென்றே ஒரு குழல் உண்டு. அதை வைத்து ஒரு கை பார்த்தால் நிமிஷத்தில் வேலை முடியும் என்றும் அவரே சொன்னார். கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் குழல் எங்கே என்று கேட்டார். அவசர உதவி வண்டியில் இருக்கிறதாம். அவசர உதவி வண்டி எங்கே? கொல்லைப்புறத்தில். மெக்கானிக் போனார், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். கருவிப் பெட்டி அந்த வண்டியின் அடியில், சக்கரத்துக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமல் பெட்டியைத் திறக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றலாம் என்றால், அதன் லாக் நட்டு வரவில்லை.

"அதுவும் சிக்கிக்கிச்சா?"

ஆலோசகர் முகம் சுருங்கியது. "அந்த வண்டி ஓய்வுல இருக்கு சார். வருஷக்கணக்கா ஓடின வண்டி. கம்பெனி அதுக்கு ஓய்வு குடுத்திருக்கு."

மணி ஒன்று அடித்தது. உடனே பட்டறையில் எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். மெக்கானிக் ஸ்டூலை விட்டு இறங்கினார், கார் கழுவுகிறவர் குழாயை மூடினார், அனைவரும் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியின் அடியிலேயே வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்தார்கள். தினமும் இந்த நேரத்துக்கு உறுதிமொழி. வாடிக்கையாளர் எங்கள் உறவினர், அவர் காலம் எங்கள் காலம், அவர் ஒரு கணம் காத்திருந்தால் எங்கள் நெஞ்சு பதறும் என்று ஆலோசகர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நீளமான உறுதிமொழி. மூன்று இடத்தில் மௌனம் வேறு. உறவினர்களும் அமைதி காக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சைகை செய்தார்கள். அவர் நின்றார். எதற்கு நின்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எங்கேயும் வரிசை என்றால் நிற்பார், கோடு என்றால் தாண்டமாட்டார். மேலே மகள் முகத்தை ஜன்னல் சட்டத்தில் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உறுதிமொழி முடிந்ததும் கண்ணாடிக்காரர் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார். தனியார் இடம் என்பதால் அந்த இடத்தின் தலைவர் அழைத்தால்தான் வர முடியும் என்றார்கள். தலைவர் யார் என்று கத்தினார். அவர் கத்தி ஆலோசகர் மட்டுமல்ல, அவருடைய மகளே கேட்டதில்லை.

சர்வீஸ் நிலையத் தலைவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, வெண்ணெய் போலக் குரல். கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டு, அண்ணாந்து பார்த்து, மகளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு பேசத் தொடங்கினார். அவர் பேச்சில் அவசரம் என்பதே இல்லை.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன். லாக் நட்டு எதுக்கு? சக்கரத்தை யாரும் கழற்றக் கூடாதுன்னு. இப்ப யாராவது கழற்ற முடிஞ்சுதா? உங்களால முடியல. எங்க மெக்கானிக்கால முடியல. என்னாலயும் முடியாது. சாவி கைல இருந்தும் முடியல பாருங்க. இந்தப் பாதுகாப்பை வேற எந்தக் கம்பெனி குடுக்கும்? நியாயமா நீங்க எங்களைப் பாராட்டணும்."

"என் பொண்ணை இறக்குங்க. அது போதும் எனக்கு."

"இறக்கலாம். வேலை முடிஞ்சா இறங்கும்."

"வேலை எப்ப முடியும்?"

"நட்டு கழண்டா முடியும். கழலலைன்னா, இன்னொரு வழி இருக்கு. நீங்க திருப்தி அடைஞ்சா முடியும். எங்க கணினிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஆலோசகர் ஒரு தட்டைக் கணினியை நீட்டினார். அதில் முன்கூட்டியே எழுதியிருந்ததை மேலே வரை கேட்கும்படி வாசித்தும் காட்டினார். என் வண்டியில் எந்த நட்டும் சிக்கவில்லை. சிக்கியதாக எனக்கு ஒரு தோற்றம் ஏற்பட்டது. அந்தத் தோற்றத்தைக் கம்பெனி அன்போடு நீக்கியது. வண்டி எல்லா வகையிலும் ஓடத்தக்க நிலையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு என் மனப்பூர்வமான ஐந்து நட்சத்திரம். கீழே கைநாட்டுக்கு ஒரு கட்டம்.

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய கடையில் ஒரு கண்ணாடியின் பவர் கால் புள்ளி மாறியிருந்தால் கூட, வாங்கினவரைத் தேடிப் போய் மாற்றிக் கொடுப்பார். பொய் என்று தெரிந்ததில் அவர் கை பட்டதில்லை. முடியாது என்றார். நட்டு சிக்கியிருக்கிறது, இறுக்கினது நீங்கள், அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்றார். தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அப்படியானால் காத்திருக்கலாம், காபி கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். கண்ணாடிக்காரர் நுகர்வோர் நீதிமன்றம் என்றார். தலைவர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்.

"அப்பா," என்று மேலிருந்து குரல் வந்தது.

அவர் காதில் வாங்கவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தது. எத்தனை வருடத்துக்கு ஒரு முறை இவ்வளவு தெளிவாக நியாயம் ஒருவர் பக்கம் இருக்கும்? விரலை நீட்டி, விருதுப் பெட்டியைக் காட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். தலைவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார்.

"அப்பா. மணி ஒண்ணரை தாண்டிருச்சு. நீ ஜெயிச்சுட்டு வர்றதுக்குள்ள எனக்குக் கதவு சாத்திருவாங்க. எழுதிக் குடுப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழவில்லை. போன வருடம் படிக்கட்டின் அடியில் அழுதவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நேரம் தான் யாருக்காகச் சண்டை போட்டோம் என்று யோசித்தார். கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினார். அழுத்தியபோது உடம்பு கூசியது, உண்மை.

கணினி ஒரு மங்கள இசையை ஒலித்தது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. அதுவும் அவசரப்படவில்லை. ஊழியர்கள் கைதட்டினார்கள். தலைவர் புகைப்படம் எடுக்கச் சிரித்தபடி வந்து நின்றபோது, கண்ணாடிக்காரர் அவரை ஒதுக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், பலகையைச் சாய்த்து, கொக்கிகளை உதறிவிட்டு, நாற்காலியைப் பிடித்து வெளியே இழுத்தார். மகள் குனிந்து தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

தெருவில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுத் தொப்பையோடு ஓடினார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நாற்காலி பின்னுக்கு வந்தது. நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயின. மகள் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஏற்றினாள். உச்சிக்குப் போனபோது அவருக்குக் கண் இருட்டியது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. மகளிடம் கொடுத்தார். கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். ஐந்து நட்சத்திரத்துக்கு நன்றி சொன்னார். வேலை முடிந்துவிட்டதால் வண்டியை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நிறுத்துமிடக் கட்டணம் உண்டு என்றார்.

"வண்டி எல்லா வகையிலும் ஓடத்தக்க நிலையில இருக்குன்னு உங்க கம்பெனியே எழுதியிருக்கு மேடம்," என்றாள் மகள், சக்கரத்தை ஒரு கையால் பிடித்தபடி. "அப்ப யாராவது ஓட்டிக்கிட்டு வந்து எங்க வீட்டுல விட்டுடுங்க. இல்ல ஓடாதுன்னா, ஏன் ஓடாதுன்னு எழுதிக் குடுங்க."

மகள் போனை மடியில் போட்டாள். இறக்கத்தில் நாற்காலி தானாக வேகம் எடுத்தது. இப்போது அவர் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

தேர்வு மையத்தின் இரும்புக் கதவு, தண்டவாளத்தில் உருளும் கதவு, பாதி சாத்தியிருந்தது. காவலர் மணிக்கட்டைப் பார்த்தபடி அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கோ உள்ளே மணி அடித்தது. கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார். மணி அடித்தால் நிற்கிறவர் அவர். மகள் நிற்கவில்லை. இரண்டு சக்கரத்தையும் ஒரு தள்ளுத் தள்ளினாள். நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் கதவின் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்தன. கதவு வந்து கைப்பிடியில் மோதி நின்றது.

"மணி அடிச்சாச்சு. இனி யாரும் உள்ள வரக் கூடாது," என்றார் காவலர்.

"நான் வரலைங்க. சிக்கியிருக்கேன்."

"பின்னால எடும்மா. கதவைச் சாத்தணும். சாத்திட்டேன்னு இப்பவே நான் உள்ள தகவல் சொல்லணும்."

"எடுக்க வரலையே," என்றாள் மகள். அவள் இரண்டு கையும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்பா மட்டும் பார்த்தார்.

காவலர் குனிந்து நாற்காலியை வெளிப்பக்கம் தள்ளினார். அது நகரவில்லை. பின்னால் கண்ணாடிக்காரர் நின்றார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒருவருக்கு வழிவிடவில்லை. நாற்காலியின் முதுகில் வயிற்றை முட்டுக்கொடுத்து, நடைபாதை விளிம்பில் குதிகாலை ஊன்றி நின்றார். காவலர் மறுபடி தள்ளினார். உள்ளிருந்து யாரோ, கதவு சாத்தியாயிற்றா என்று கேட்டார்கள். காவலருக்கு வியர்த்தது. தாமதமாக வந்தவரை என்ன செய்வது என்பதற்கு அவரிடம் விதி இருந்தது. கதவிலேயே சிக்கிக்கொண்டவரை என்ன செய்வது என்பதற்கு இல்லை. இன்னொரு முறை குரல் வந்தது. அவர் முன்பக்கம் வந்து, இரண்டு சின்னச் சக்கரங்களையும் அலாக்காகத் தூக்கினார். மகள் பிரேக்கை விட்டாள். நாற்காலி எளிதாக உள்ளே உருண்டது.

காவலர் கதவை முழுக்கத் தள்ளிப் பூட்டினார். சாத்தியாச்சு என்று உரக்கச் சொன்னார். மகள் திரும்பிப் பார்க்காமல் வராந்தாவின் சரிவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கம்பிகளுக்கு இடையில் அவள் முதுகு மறையும் வரை பார்த்தார். கதவின் அடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

கதவுக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது, எழுந்து போங்கள் என்று காவலர் உள்ளிருந்து சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை.